அப்பப்பாட தண்ணிப் போத்தலும் அதுக்குப் பிறகு வந்த கடிதங்களும்

போன இதழ்ல எங்கட அப்பப்பாட தண்ணிப் போத்தலைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தன். இரண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டிஷ் ஆமி பாவிச்ச 1937 பேட்டன், அதாவது 1937 மாதிரி, போத்தல் அது, நீல எனாமல் பூசின இரும்பு, மேல காக்கிக் கம்பளி உறை, வாய்க்கு நூல்ல கட்டின தக்கை. டொக்யாட்ல, அதாவது கப்பல் திருத்திற யாட்ல, வேலை செய்த மனுசன், ஆரோ ஒரு வெள்ளைக்காரன் போகேக்க குடுத்திட்டுப் போனதாம், பிறகு அப்பாச்சி அதில கனகாலம் நல்லெண்ணெய் ஊத்தி வைச்சிருந்தவ, இப்பவும் தக்கையைத் திறந்தா லேசா எண்ணெய் மணக்கும். அதை வாசிச்சிட்டு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நான் நினைக்கவே இல்ல. திருகோணமலையில வீட்டுக்கு வீடு றங்குப்பெட்டிக்குள்ள ஏதோ ஒண்டு கிடக்குது போல. எல்லாத்துக்கும் இடம் காணாது, ஏலுமானதுக்குப் பதில் தாறன்.

கேள்வி (உவர்மலை வாசகர்): அண்ணா, ஒன்லைன்ல ஒரு மாலுமித் தொப்பி நாடா வாங்கினன். கறுப்பு நாடாவில தங்க நிறத்தில எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் எண்டு நெய்திருக்கு. 1942ல மட்டக்களப்புக் கடல்ல கப்பல் தாழேக்க தப்பி வந்த மாலுமிட தலையில இருந்தது எண்டு சொல்லித்தான் வித்தவர். உண்மையா இருக்குமா?

பதில்: தம்பி, நாடா நல்ல சாமானா இருக்கலாம், ஆனா அந்தக் கதை பொருந்தாது. யுத்த காலத்தில பிரிட்டிஷ் நேவி மாலுமிமாரிட தொப்பி நாடாவில கப்பல் பெயர் போடுறதே இல்ல. எந்தத் துறைமுகத்தில எந்தக் கப்பல் நிக்குது எண்டு தொப்பியைப் பாத்தே உளவு பாக்கிறவனுக்குத் தெரிஞ்சிரும் எண்டுதான் வெறும் எச்.எம்.எஸ். எண்ட மூண்டு எழுத்தை மட்டும் போட்டவங்கள், அரச கப்பல் எண்டதுக்கு அது சுருக்கம். அப்ப 1942 ஏப்ரல் 9ம் திகதி ஹெர்மிஸ்ல இருந்த ஒரு பெடியன் அந்தப் பெயரைத் தலையில கட்டிக்கொண்டு நிண்டிருக்க மாட்டான்.

உங்கட நாடாவுக்கு மூண்டு வழி இருக்கு. ஒண்டு, யுத்தத்துக்கு முந்தினது, அந்தக் கப்பல் 1924ல சேவைக்கு வந்தது, 1939 வரைக்கும் பெயர் போட்ட நாடா கட்டியிருப்பினம். ரெண்டாவது, கனபேர் மறக்கிற விசயம், 1959ல அதே பெயர்ல இன்னொரு ஹெர்மிஸ் வந்தது, 1982 ஃபோக்லாந்து யுத்தத்துக்குப் போனதும் அதுதான், பிறகு இந்தியா வாங்கி விராட் எண்டு பெயர் வைச்சதும் அதுதான். அந்தக் கப்பல்ட நாடாக்கள் சந்தையில தாராளமா ஓடுது. மூண்டாவது, போன வருசம் நெய்த கொப்பி. இருட்டு அறையில யூவி டோச் அடிச்சுப் பாருங்க, நூல் நீல வெள்ளையாப் பளிச்செண்டு மின்னினா யுத்தத்துக்குப் பிறகு வந்த நூலோ சாயமோ எண்டு சந்தேகப்படலாம். ஆனா அதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாதீங்க, உண்மையான பழைய துணியை இப்பத்தைய சலவைத் தூள்ல ஒருக்காத் தோய்ச்சாலும் அப்பிடித்தான் மின்னும்.

எனக்கு மனசு கொதிக்கிறது வேற இடத்தில. ஹெர்மிஸ் எங்கட துறைமுகத்தில நிண்ட கப்பல். ஜப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட வாறான் எண்டு தெரிஞ்சு 8ம் திகதி ராத்திரி இஞ்ச இருந்து வெளிக்கிட்டது, விமானந்தாங்கிக் கப்பல் எண்டு பெயர், ஆனா அண்டைக்கு அதில ஒரு விமானமும் இல்ல. அடுத்த நாள் காலமை திரும்பி வரேக்க மட்டக்களப்புக்கு நேர அடிச்சுத் தாட்டாங்கள், முந்நூறு பேருக்கு மேல செத்தது, கூட வந்த வாம்பயர் எண்ட போர்க்கப்பலும் போச்சு, எண்ணெய் மிதந்த தண்ணியில கிடந்த ஆக்களை வீட்டா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் வந்துதான் அள்ளி எடுத்தது. அப்பிடிச் செத்த ஆக்கள்ட பெயரை வைச்சுப் பொய் சொல்லி ஒரு முழ நாடாவை விக்கிறது பெரிய பாவம் எண்டுதான் நான் நினைக்கிறன். வித்தவர்ட்ட ஆதாரம் கேளுங்க, மாலுமிட சேவைப் பத்திரம், படம், கடிதம் ஏதாவது. இல்லையெண்டா காசைத் திருப்பிக் கேளுங்க.

கேள்வி (அன்புவழிபுரம் வாசகர்): பழைய இரும்பு எடுக்கிறவர்ட்ட ஒரு தட்டையான இரும்புத் தொப்பி கண்டன். வாங்கட்டோ? துருவை எப்பிடி எடுக்கிறது?

பதில்: வாங்கப் போகேக்க சின்னக் காந்தம் ஒண்டைக் கொண்டு போங்க. பிரிட்டிஷ் மார்க் டூ ஹெல்மெட் மங்கனீஸ் கலந்த உருக்கு, காந்தம் பிடிக்காது. நான் முதல் முதலா வாங்கினதுக்குக் காந்தம் சும்மா டக்கெண்டு போய் ஒட்டிச்சு, அதுவும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பாத்தன். உள்ள 1941 எண்டு வருசம் அடிச்சிருந்தது, விரலை நனைச்சுத் தேய்க்க மை விரலோட வந்திட்டுது. அண்டைக்கு ராத்திரி நித்திரை வரேல்ல, காசுக்காக இல்ல, மூண்டு கிழமையா அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டி இது குண்டு விழேக்க இஞ்ச நிண்ட ஆள்ட எண்டு கதை சொல்லிப்போட்டன், பிறகு ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டு அது பிழை எண்டு சொல்ல வேண்டிப்போச்சு.

ஆனா காந்தம் பிடிச்ச உடன எறிஞ்சிராதீங்க. ஊர்க்காவல், தீயணைப்பு ஆக்களுக்கு எண்டு மட்டமான உருக்கிலயும் அந்தக் காலத்திலயே செய்தவங்கள், ஆமித் தரத்துக்கு வராதது எண்டு காட்ட விளிம்பில ஓட்டை போட்டு விட்டவங்கள், அதுக்குக் காந்தம் பிடிக்கும். பின் விளிம்பில வரிசையா மூண்டு ஓட்டை இருந்தா அது வேற, தென்னாபிரிக்காவில செய்தது. நாடிப் பட்டி கொழுவுற காதைத் திருப்பிப் பாருங்க, செய்த ஆள்ட எழுத்தும் வருசமும் அங்க குத்தியிருக்கும். பட்டி, பை, பெல்ட் எண்டா கோழிக்கால் மாதிரி அம்புக்குறி தேடுங்க, பிரிட்டிஷ் அரசாங்கச் சாமானுக்கு அதுதான் அடையாளம். அம்பைச் சுத்தி சி எழுத்து இருந்தா கனடா, ரெண்டு பக்கமும் டி இருந்தா அவுஸ்திரேலியா, கூட ஐ இருந்தா இந்தியா.

துருவை எடுக்காதீங்க. கம்பிப் பிரஷ் போட்டா துருவோட பழைய பெயின்ற்றும் போயிரும், பெயின்ற் போனா தொப்பிட பாதிக் கதை போயிரும். மென்மையான துணியால தூசு தட்டி, காஞ்ச இடத்தில வையுங்க, போதும்.

கேள்வி (திருக்கடலூர், கையொப்பம் இல்லாத கடிதம்): கரைவலையில ஒரு பீரங்கி ஷெல் வந்தது. முனையோட இருக்கு. வெட்டிப் பூச்சாடி செய்யலாமோ?

பதில்: தொடாதீங்க. வெட்டவும் வேணாம், கழுவவும் வேணாம், வீட்டுக்குள்ள வைக்கவும் வேணாம். இந்தப் பத்திரிகை கையில இருக்கிற நேரமே பொலிஸ் 119க்கு அடியுங்க, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீங்க. எண்பது வருசம் உப்புத் தண்ணியில கிடந்தா வெடிமருந்து செத்திருக்கும் எண்டு சொல்றது பிழை, கன மருந்து பழசாகப் பழசாகத்தான் பொல்லாததாகும். பெரிய வீடுகள்ல பூச்சாடியா வைச்சிருக்கிற பித்தளைக் கோது வெடிச்ச பிறகு மிஞ்சினது, அடியில நடுவில இருக்கிற வெடி மூட்டுற சின்னத் தொப்பி குத்துப்பட்டுக் கிடக்கும், முனை இருக்காது. உங்கட கையில இருக்கிறது அது இல்ல.

இதோட இன்னும் ரெண்டு சொல்லிவிடுறன், ஆரும் கேக்கேல்ல, ஆனாலும் சொல்ல வேணும். பழைய காஸ் மாஸ்க் கிடைச்சா முகத்தில போட்டுப் பாக்காதீங்க, அந்தக் கால பிரிட்டிஷ் மாஸ்க் வடிகட்டிக்குள்ள அஸ்பெஸ்டஸ் இருக்கு. இருட்டில மின்னின பழைய திசைகாட்டி, விமான மீற்றர் கிடைச்சா கண்ணாடியைக் கழட்டாதீங்க, முள்ளில பூசினது ரேடியம். மின்னிறது நிண்டாலும் ரேடியம் நிக்காது.

கேள்வி (பாடசாலை நாடக ஆசிரியை, திருகோணமலை): 1942 குண்டுவீச்சைப் பத்தி மாணவர்கள் நாடகம் போடுகினம். பன்னிரண்டு பேருக்கு உடுப்பு வேணும். காசு குறைவு. ஆமிக் கடை மாதிரி எங்கயாவது வாங்கலாமோ?

பதில்: இந்தக் கடிதம்தான் எனக்குச் சரியான சந்தோசம் தந்தது ரீச்சர், அதால நீட்டி எழுதுறன், பொறுத்துக் கொள்ளுங்க.

முதல்ல எதை வாங்கக் கூடாது எண்டு சொல்றன். பச்சைப் புள்ளி போட்ட கமஃப்லாஜ் துணி வேணவே வேணாம், 1942ல இஞ்ச நிண்ட ஆக்கள் அதைப் போடேல்ல, இண்டைக்கு எங்கட ஊர்ல அதைப் பிள்ளைகள்ட உடம்பில போட்டு ரோட்டில விட்டா சட்டப் பிரச்சினையும் வரும், பாக்கிற சனத்துக்கு நெஞ்சும் பதறும். முழுப் பச்சை உடுப்பும் பிழை, ஜங்கிள் கிரீன் எண்டு சொல்றது பர்மாப் பக்கச் சண்டைக்கு எண்டு 1943க்குப் பிறகுதான் வந்தது. படங்கள்ல பாக்கிற கட்டையான கம்பளிச் சட்டை ஐரோப்பாக் குளிருக்கு, சித்திரை வெயில்ல அதைப் போட்டு இஞ்ச ஆரும் நிண்டிருக்க ஏலாது.

அண்டைக்கு இஞ்ச நிண்டது ஆர் எண்டு பாருங்க. துறைமுகத்தில நேவிக்காரர், சீனக்குடாவில விமானப்படை, அங்க 261வது ஸ்குவாட்ரன்ட ஹரிக்கேன் விமானங்கள் நிண்டது, பீரங்கிக்காரர், பிறகு எங்கட டொக்யாட் ஆக்கள். நேவி எண்டா வெள்ளைக் கட்டைக் காற்சட்டை, வெள்ளைக் கைகட்டைச் சேட், கழுத்து சதுரமா வெட்டி ஓரத்தில நீலப் பட்டி பிடிச்சது, தொப்பியில எச்.எம்.எஸ். மட்டும், மேல உவர்மலைத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும்தான். மற்ற ஆக்களுக்கு காக்கி டிரில், தடிச்ச பருத்தித் துணி. டொக்யாட் ஆக்களுக்கு சாரமும் பெனியனும், அதைப் பிள்ளைகள் வீட்ட இருந்தே கொண்டு வருவினம். தயவுசெய்து அவையளை மேடையில ஓரமா நிக்க விடாதீங்க, அண்டைக்கு அந்த யாட்டில கைகால் போனது வெள்ளைக்காரனுக்கு மட்டும் இல்ல.

காக்கித் துணி எடுக்கேக்க தனிப் பருத்தியா எண்டு பாருங்க. ஓரத்தில ஒரு நூலை இழுத்து நெருப்பில காட்டுங்க, பருத்தி கடுதாசி எரிஞ்ச மணத்தோட சாம்பலாப் போகும், பொலியெஸ்ரர் உருகி மணி மாதிரிக் கட்டியாகும். பொலியெஸ்ரர் கலந்தது மேடை லைற்றில மினுங்கும், அதோட அந்தத் துணி சந்தைக்கே யுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. உள்ளூர் டெய்லர்ட்டக் குடுத்தே தைக்கலாம். காற்சட்டை முழங்காலுக்குச் சற்று மேல, கால் நல்ல அகலம், பாத்தா அரைப் பாவாடை மாதிரித் தெரிய வேணும், சிப் வைக்க வேணாம் எண்டு டெய்லருக்கு வடிவாச் சொல்லுங்க, தெறிதான். சேட்டு அநேகமா நெஞ்சு வரைக்கும்தான் திறக்கும், தலையால போடுறது, தோளில பட்டி, நெஞ்சில ரெண்டு பொக்கற். தெறியைக் காக்கி நிறத்திலயே எடுங்க. காலில கறுத்தச் சப்பாத்து, முழங்காலுக்குக் கீழ மடிச்ச நீளச் சொக்ஸ். தைச்ச உடன போட்டா பிள்ளைகள் சாரணர் மாதிரித்தான் இருப்பினம், அதால நாலு அஞ்சு தரம் சவுக்காரம் போட்டுக் கல்லில அடிச்சுத் தோய்ச்சு நல்ல வெயில்ல போடுங்க. அந்தக் காலத்து ஆமிக்காரனும் வெளிறின காக்கியைத்தான் விரும்பினவன், புதுக் காக்கி போட்டவனைப் பாத்தா நேற்றுக் கப்பலால இறங்கினவன் எண்டு தெரிஞ்சிரும் எண்டு.

இரும்புத் தொப்பிக்கு வீட்டில இருக்கிற ஆழம் குறைஞ்ச தாச்சியைக் கவிட்டு வையுங்க. அதுக்கு மேல பொலித்தீன் ஒண்டை இழுத்துக் கட்டி, பழைய பத்திரிகையைக் கிழிச்சு மாப்பசையில தோய்ச்சு ஆறேழு படை ஒட்டுங்க, காய விட்டுக் கழட்டி, சுத்திவர ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டை விளிம்பு வைச்சு ஒட்டுங்க. பெயின்ற் ஈரமா இருக்கேக்க மெல்லிய மரத்தூள் தூவினா மினுக்கம் இல்லாமச் சொரசொரப்பா வரும், உண்மையான தொப்பிக்கும் அப்பிடித்தான் மணலோ மரத்தூளோ சேத்துப் பூசினவங்கள். இருபது அடி தள்ளி இருக்கிற ஆளுக்கு வித்தியாசமே தெரியாது.

உடுப்பைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீங்க, மண்டபத்திலயே மாத்துங்க, பொலிசுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் குடுத்து வையுங்க. இப்ப இருக்கிற முப்படைட பட்ஜ் எதையும் குத்த வேணாம். அதோட ஒரு வேண்டுகோள், ஒவ்வொரு சட்டைக் கொலருக்கு உள்ளயும் அழியாத மையால "நாடகத்துக்காகத் தைச்சது" எண்டு வருசத்தோட எழுதி விடுங்க. கொப்பி ஒரு குற்றமே இல்ல, நல்லாச் செய்த கொப்பி ஒரு கலை, நானும் ரெண்டு தைப்பிச்சு வைச்சிருக்கிறன். ஆனா முப்பது வருசம் கழிச்சு அந்தச் சட்டை எங்கயாவது கடையில தொங்கேக்க அதால வாய் திறந்து உண்மையைச் சொல்ல ஏலாது, அதுக்காகத்தான் எழுத்து.

கேள்வி (சீனக்குடா வாசகர்): 1942ல எண்ணெய்க் குதத்தில, பெரிய எண்ணெய்த் தாங்கியில, மோதின ஜப்பான் விமானத்துத் துண்டு எண்டு ஒருத்தர் ஒரு தகடு காட்டுறார். எப்பிடி நம்பிறது?

பதில்: அந்தக் குதத்தை நீங்க என்னை விட நல்லாப் பாத்திருப்பீங்க, உருகி வளைஞ்ச இரும்பு இண்டைக்கும் காட்டுக்குள்ள நிக்குது. அந்தளவு நெருப்பில விமானத்து அலுமினியம் மிஞ்சிறது கஷ்டம், இரும்பு உருக முதலே அது உருகிரும். தகட்டுக்குக் காந்தம் ஒட்டினா கதை முடிஞ்சுது, அது குதத்து இரும்பு, இல்லாட்டி ஏதோ ஒரு கூரைத்தகடு. ஒட்டாட்டி உட்பக்கத்தைப் பாருங்க, ஜப்பான் விமானங்கள்ல கன இடத்தில உள்ளுக்கு நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசியிருப்பினம், அவ்டாக்கே எண்டு சொல்றது, அடியில உலோகம் தெரியும். அது இல்லாட்டி பழைய படகுத் தகடாவும் இருக்கலாம். இன்னும் துண்டு தேடுறன் எண்டு அனுமதி இல்லாம குதங்களுக்குள்ள மட்டும் போயிராதீங்க.

கேள்வி (இளம் வாசகர், ஊர் வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார்): 1942 சாமான் சேக்கலாம் எண்டா இஞ்ச நடந்த யுத்தத்து உடுப்பு, சாமான்களையும் சேக்கலாம்தானே?

பதில்: வேணாம் தம்பி. எந்தப் பக்கத்துச் சாமானும் வேணாம். சட்டத்தில மாட்டுவீங்க எண்டது ஒரு காரணம், வீட்டில உள்ள ஆக்களையும் சேத்து மாட்டுவீங்க. மற்றது, அந்த உடுப்புப் போட்ட பிள்ளைகள்ட அம்மாமார் இண்டைக்கும் உங்கட ஒழுங்கையால நடந்து போகினம். அதை அலுமாரிக்குள்ள கண்ணாடி போட்டு வைக்கிற உரிமை எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல.

கேள்வி (பாலையூற்று வாசகி): மாமனார் யுத்த காலத்தில நேவித் தொண்டர் படையில இருந்தவர். நட்சத்திர வடிவில ஒண்டும் வட்டமா ஒண்டும் மெடல் இருக்கு, கறுத்துப் போச்சு. வெளிநாட்டில இருந்து மகன்மார் வருகினம், அதுக்கு முன்னம் புளி போட்டு மினுக்கலாம் எண்டு நினைச்சன். பெயர் எதுவும் இல்ல, அவர்ட எண்டு எப்பிடிக் காட்டுறது?

பதில்: அக்கா, புளியைக் குழம்புக்கு வையுங்க. குத்துவிளக்குக்குப் புளி சரி, மெடலுக்கு வேணாம், புளிக்குள்ள இருக்கிற அமிலம் மேல் தோலைத் தின்னும், எழுத்தும் முகமும் மழுங்கும். அந்தக் கறுப்பு ஊத்தை இல்ல, எண்பது வருச வயசு. காஞ்ச பருத்தித் துணியால மெல்லமாத் துடையுங்க. பொலித்தீன் பையில போட்டுக் கட்டாதீங்க, மாரியில உள்ள வேர்த்து நாடா பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போடாத பழைய வெள்ளைத் துணியில சுத்தி, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற ஈரம் உறிஞ்சிற பைக்கற் ரெண்டு போட்டு வையுங்க, பூச்சி உருண்டை போட்டா துணியில படாம வையுங்க. நாடாவைத் தோய்க்க வேணாம். நட்சத்திரத்தின்ட நாடா கடும்நீலம், சிவப்பு, இளநீலம் எண்டு மூண்டு சம பட்டியா இருந்தா அது 1939-45 ஸ்ரார், நடுவில சிவப்பு, ரெண்டு பக்கமும் நீலம், நீலத்துக்குள்ள செம்மஞ்சள் கோடு எண்டா பர்மா ஸ்ரார். வட்டத்தில பின்பக்கம் சிங்கம் ஒண்டு ரெட்டைத் தலைப் பாம்பு மாதிரி ஒண்டுக்கு மேல ஏறி நிண்டா வோர் மெடல்.

பெயர் இல்லாதது சந்தேகப்பட வேண்டிய விசயமே இல்ல. அந்த யுத்தத்துக்குப் பிரிட்டன் தன்ட ஆக்களுக்குக் குடுத்த மெடல்கள்ல பெயர் வெட்டுறதில்ல, இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆக்களுக்குப் போனதிலதான் பெயர் இருக்கும். அதாலதான் மெடலை விட அது வந்த சின்ன மட்டைப் பெட்டியும், உள்ள இருந்த துண்டுக் கடுதாசியும் பெறுமதி. பழைய லாச்சி, சாமிப்படத்துக்குப் பின்பக்கம், காணி உறுதி வைச்ச பை எல்லாம் தேடுங்க. மகன்மாருக்குப் பிரிச்சுக் குடுக்கிறதெண்டா மெடல் ஒராளுக்கு, கடுதாசி இன்னொராளுக்கு எண்டு பிரிக்காதீங்க, அப்பிடிப் பிரிஞ்சா ரெண்டும் அநாதையாயிரும்.

நீங்க கடிதத்தோட அனுப்பின படத்தை ரெண்டு நாளா வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன். மாமனார் வெள்ளை உடுப்போட கதிரையில இருக்கிறார், பின்னால ரெண்டு பேர் நிக்கினம், ஒராள்ட கையில நாய்க்குட்டி. அவர்ட தம்பி தொண்ணூற்றி மூண்டு வயசில சாம்பல்தீவில இருக்கிறார், நல்ல நினைவோட கதைக்கிறார் எண்டு நீங்கதான் எழுதியிருக்கிறீங்க. மகன்மார் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம இந்தக் கிழமையே படத்தைக் கொண்டு போங்க. அந்த ரெண்டு பேரும் ஆர், எந்த இடத்தில எடுத்தது, 1942 ஏப்ரல் 9ம் திகதி குண்டு விழேக்க அண்ணன் எங்க நிண்டவர் எண்டு கேளுங்க, ஃபோன்ல ரெக்கோட் பண்ணுங்க, படத்துக்குப் பின்னால பென்சிலால எழுதுங்க, பேனை வேணாம், மை ஊறும். நாய்க்குட்டிட பெயரையும் கேளுங்க.